நான் மாற்றிச் சொன்ன கேள்வி

சுத்தத்தைப் பற்றி நிறையப் பேசுகிறவனாக இருந்தேன். கல்யாணமாகி என் மனைவியைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்த நாள் முதல் அவளுக்கு நான் அதிகமாகக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். குடிக்கிற தண்ணீரை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், வெளியே போய்விட்டு வந்தால் எங்கே நின்று கால் கழுவ வேண்டும், ஈரத் துணியை எங்கே போடக் கூடாது என்று சதா சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வாள். ஆறு வருஷம் அப்படியே போயிற்று.

அப்போது நாங்கள் கிதிர்பூரில் ஒரு வங்காளி வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். கார்டன் ரீச்சில் ஒரு ரயில்வே ஆபீஸில் எனக்குக் கடிதங்களை நகல் எடுக்கும் வேலை. காலையில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடுவேன். மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். அவர் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்தார். அவரை நான் தாதா என்றும், அவர் மனைவியை நாங்கள் இருவருமே பௌதி என்றும் கூப்பிடுவோம். அண்ணா, மன்னி என்று அர்த்தம். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாடி வீட்டின் கடைசிப் பெண், மூன்று வயதுக்காரி, என் மனைவியின் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். அவளைக் ‘காகிமா’ என்று கூப்பிடுவாள். வங்காளத்தில் சித்திக்கு அப்படித்தான் சொல்வார்கள். நான் ஆபீஸிலிருந்து வருகிற சத்தம் கேட்டால் என் மனைவி அவளை மாடிக்கு அனுப்பிவிடுவாள். குழந்தையின் கை எப்போதும் பிசுபிசுவென்று இருக்கிறது என்று நான் ஒருமுறை சொல்லியிருந்தேன்.

தங்கையின் கல்யாணத்துக்காக என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தகத்துக்குப் போனாள். போன இடத்தில் அவள் தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, நான்கு மாதம் தங்கும்படி ஆயிற்று. ஹௌரா ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, “மெஸ்ஸுக்குப் போயிடாதேங்கோ. ஒரு சாதம், ஒரு ரசம், அவ்வளவுதானே, ஆத்துலேயே பண்ணிக்கோங்கோ” என்றாள். பண்ணிக்கொள்கிறேன் என்றேன். பத்து நாள் பண்ணிக்கொண்டேன். அப்புறம் பவானிபூரில் நம்மவர்கள் சேர்ந்து நடத்திய மெஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் சாப்பிட மட்டும் போனேன். சீட்டாட்டமும் சிரிப்பும் பிடித்துப்போய், துணிமணியை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும், இன்று எலுமிச்சை ரசம் வைத்தேன், அப்பளம் கருகிவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அப்பளம் எங்கேயிருந்து என் பேனாவுக்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மெஸ்ஸில் எட்டுப் பேர். பாயும் தலையணையும் பொது. அதில் இரண்டு பேர் எந்நேரமும் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். யாரும் பெரிதுபடுத்தவில்லை. மூன்றாவது மாதம் என் மணிக்கட்டிலும் அரையிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. சாயங்காலமானால் அரிப்புத் தாங்காது. “உமக்கும் வந்துடுத்தா, வாரும்” என்று அவர்கள் சிரித்தார்கள். சிரங்குதான், எட்டில் ஐந்து பேருக்கு வந்து போயிருக்கிறது, கந்தகக் களிம்பு போட்டால் போய்விடும் என்றார்கள். கிதிர்பூர் மருந்துக்கடைக் கம்பவுண்டர் மஞ்சள் களிம்பு ஒரு டப்பி கொடுத்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூச வேண்டும், விடாமல் மூன்று நாள், உடுத்திய துணி, படுத்த பாய் எல்லாவற்றையும் வெந்நீரில் போட வேண்டும் என்று சொன்னார். ஒரு நாள் பூசினேன். மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர், “இங்கே யார் வாணம் கொளுத்தியது?” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். அதோடு முழுசாகப் பூசுவதை விட்டுவிட்டேன். அரிக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தொட்டு வைத்துக்கொள்வேன்.

என் மனைவி திரும்பி வருகிறாள் என்று தந்தி வந்ததும் மெஸ்ஸை விட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பில் சாம்பல் இருக்க வேண்டுமே என்று ஒரு வேளை சமைத்தும் வைத்தேன். களிம்பு டப்பியை ஆபீஸ் மேஜை இழுப்பறையில் கொண்டுபோய் வைத்தேன். சிரங்கைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மெஸ்ஸைச் சொல்ல வேண்டும், கடிதங்களைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தினமும் கால் கழுவச் சொல்லிக் கொடுத்தவனுக்குச் சிரங்கு என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதத்தில் அவளுக்கும் வந்தது. முதலில் விரலிடுக்கில், பிறகு மணிக்கட்டில், பிறகு புடவை கட்டுகிற இடுப்பில். பாத்திரம் தேய்க்கும்போது சாம்பல் பட்டால் எரியும் போலிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொள்வாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பார்த்தாள். கேட்கவில்லை.

“என்னடி கையிலே?” என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஒருநாள் கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. “சூடு போலிருக்கு. இந்த ஊர் வெயில்” என்றாள்.

“ஆபீஸிலே ஒருத்தர் ஒரு களிம்பு சொன்னார், வாங்கிண்டு வரட்டுமா?”

“யாருக்கு வந்துதாம், அவருக்கா?”

“அவருக்குத் தெரிஞ்சவா யாருக்கோ.”

என் டப்பியில் மிச்சம் இருந்ததை ஒரு வாழை இலைக் கிழிசலில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். புண்ணில் பட்டதும் நெருப்பாக எரிந்தது. ஒரு தடவையோடு வைத்துவிட்டாள். பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே பெண் டாக்டர்களே பார்க்கிறார்கள், போய்க் காட்டலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். ஆறு வருஷமாகக் குழந்தையில்லாதவள் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் நினைப்பார்கள் என்றாள். பௌதி நினைப்பாள், பௌதி சொல்லி இன்னொருத்தி நினைப்பாள், கடைசியில் கடிதம் வழியாக என் தாயார் வரைக்கும் போகும் என்றாள். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நாளுக்கு நாள் அவள் கை மோசமாகிக்கொண்டிருந்தது. சொறிந்த இடத்தில் சீழ் வைத்தது. ராத்திரி அவளுக்குத் தூக்கம் இல்லை. எனக்கும் அரிப்பு விடவில்லை. ஆபீஸ் கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைக் கையை மடித்துக் களிம்பு பூசிக்கொண்டிருந்தேன்.

நான் அடுத்துச் செய்ததை எழுதக் கை கூசுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி பிடித்த விரல்களைப் பார்த்தேன். எப்படியாவது இவளை ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வேண்டும், ஆனால் உண்மையைச் சொல்லாமல் கிளப்ப வேண்டும் என்று நினைத்தேன். “எங்க ஆபீஸிலே ஒருத்தரோட ஆம்படையாளுக்கும் இப்படித்தான் கையிலே ஆரம்பிச்சுது. கவனிக்காமே விட்டா. கடைசியிலே அது பெரிய வியாதின்னு தெரிஞ்சுது” என்றேன்.

பெரிய வியாதி என்று நம் வீடுகளில் குஷ்டத்தைத்தான் சொல்வார்கள். அவளுடைய கை அப்படியே நின்றது. அப்படி ஒரு ஆபீஸ்காரரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே கட்டிச் சொன்னேன்.

பயந்துபோய் மறுநாளே கிளம்புவாள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. தன் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்தாள். தன் பாயைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். மாடிக்குப் போவதை நிறுத்தினாள். மாடிப் பெண் படியில் இறங்கி வந்து, “காகிமா, காகிமா” என்று கதவைத் தட்டும். இவள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். குழந்தை கொஞ்ச நேரம் தட்டிவிட்டு அழும். பௌதி வந்து தூக்கிக்கொண்டு போவாள். பௌதி என்னிடம் கேட்டதற்கு ஜுரம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேச்சை எடுத்தால் மட்டும் முன்னைவிட அழுத்தமாக, “நான் யார்கிட்டேயும் காட்டிக்கமாட்டேன். என்னை விட்டுடுங்கோ” என்றாள்.

அந்த நாட்களில் ஒரு விசித்திரமான காரியமும் செய்தாள். நான் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியின் நுனியை என் பாதத்தில் வைத்துவிட்டாள். “ஐயோ!” என்று துள்ளி எழுந்தேன். கண் தெரியவில்லையா என்று கத்தினேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. “சுட்டுதா? நன்னா சுட்டுதா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. பயத்தில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை.

கடைசியில் அவளுடைய அப்பாவுக்கு எழுதுகிறேன் என்று மிரட்டினேன். “அவர் வந்து அழைச்சுண்டு போகட்டும், அங்கே காட்டிக்கோ” என்றேன்.

அவள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு, “வரேன். ஆனா நான் மட்டும் காட்டிக்கறேன். நீங்க உள்ளே வரப்படாது” என்றாள்.

“உனக்குப் பாஷை தெரியாதே, டாக்டர்கிட்டே என்ன பேசுவே?”

“தெரிஞ்ச மட்டும் பேசிக்கறேன்.”

நான் சிரித்தேன். “தெரிஞ்ச மட்டும்னா, மீன்காரியைப் போகச் சொல்றதா?” என்று கேலி செய்தேன்.

ஆபீஸில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, ஜன்னல் சாத்திய குதிரை வண்டியில் அவளை அழைத்துப் போனேன். கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வண்டியின் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வண்டி குலுங்கி என் முழங்கால் அவள்மேல் பட்டால் விலகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நீளமான தாழ்வாரம். பெஞ்சுகளில் பெண்களும் குழந்தைகளும். ஆண்களுக்கு ஒரு பக்கம் தனியாக இடம் விட்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது தாதி, “பாஷை தெரியாதவர்களோடு வீட்டு மனிதர் வரலாம், தட்டிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும்” என்றாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் கவனிக்காதவன்போல் உள்ளே போனேன்.

டாக்டர் நடுத்தர வயது வங்காளி அம்மாள். வெள்ளைப் புடவை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. துணித் தட்டிக்கு அந்தப் பக்கம் அவரும் என் மனைவியும். இந்தப் பக்கம் நான். என் மனைவிக்கு வங்காளி தெரியாது, நான் கேட்டுச் சொல்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். நல்லது என்றார். எத்தனை நாளாக இருக்கிறது, ராத்திரி அதிகமாக அரிக்கிறதா என்றெல்லாம் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள் சொன்னதை வங்காளியில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். கையைத் திருப்பு, இடுப்பைக் காட்டு என்பதையெல்லாம் டாக்டர் ஜாடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். துணி சரசரத்தது.

பிறகு டாக்டர் கேட்டார்: “பாடீதே ஆர் காரோ ஹோயேச்சே? ஷாமீர்?”

வீட்டில் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா, புருஷனுக்கு வந்திருக்கிறதா என்று கேட்கிறார். என் மணிக்கட்டு அந்தக் கணத்தில் அரித்துக்கொண்டிருந்தது. நான் தமிழில் சொன்னேன்: “தினம் எத்தனை தடவை குளிக்கறேன்னு கேக்கறா.”

ஒரு தடவை, இரண்டு தடவை என்று ஏதாவது பதில் வரும், அதை மாற்றி, யாருக்கும் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அப்போது என் மனைவியின் குரல் கேட்டது. நிதானமாக, மாடியில் பௌதி பேசுவது மாதிரியே, வங்காளியில் பேசினாள்.

“நா. ஓனார் கிச்சு ஹொய்னி.”

இல்லை, அவருக்கு ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பாஷை தெரிந்திருந்தது. டாக்டர் கேட்டதும் புரிந்தது, நான் மாற்றிச் சொன்னதும் புரிந்தது. புரிந்துகொண்டு எனக்காக அவளும் ஒரு பொய் சொன்னாள்.

டாக்டர் தட்டியைத் தாண்டி வெளியே வந்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோடைக்காலம். நான் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு நின்றுகொண்டிருந்தேன். “கையைக் காட்டுங்கள்” என்றார் இங்கிலீஷில். காட்டினேன். பொத்தானைக் கழற்றச் சொன்னார். ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். “கோஸ்” என்றார். வங்காளியில் சிரங்குக்கு அதுதான் பெயர். “முதலில் வந்தது உங்களுக்கு. உங்களிடமிருந்து அவளுக்கு. ஒருத்தருக்கு மட்டும் மருந்து போட்டால் ஜன்மத்துக்கும் போகாது.” கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தட்டிக்குப் பின்னாலிருந்து என் மனைவி கேட்டாள்: “குஷ்டோ நொய்?” குஷ்டம் இல்லையா?

டாக்டர் திரும்பினார். “குஷ்டமா? யார் உனக்கு அப்படிச் சொன்னது?”

நான் அங்கேதான் நின்றேன். கை இன்னும் நீட்டினபடியே இருந்தது. நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை போதும். என் வாய் திறக்கவில்லை.

“யாரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்” என்றாள் என் மனைவி, வங்காளியில்.

டாக்டர் உள்ளே போய் அவளிடம் தணிந்த குரலில் ஏதேதோ சொன்னார். அவள் அழுவது கேட்டது. டாக்டர் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

திரும்பும்போது வண்டி மைதானத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் மருந்துப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய வியாதி இல்லையாம்” என்றாள்.

“கேட்டேன்.”

“உங்களுக்கும் இல்லை.”

“எனக்கா?” என்றேன்.

“நீங்க ஒளிச்சு ஒளிச்சு மருந்து போட்டுண்டது எனக்குத் தெரியும். சட்டைக் கையிலே மஞ்சக் கறை. வேஷ்டியிலே ரத்தப் பொட்டு. நான்தானே தோய்க்கறேன்? சிரங்குன்னுதான் முதல்லே நினைச்சேன். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் நீங்க பெரிய வியாதின்னு சொன்னேளே, அன்னிக்குக் கதிகலங்கிப் போச்சு. அதான் உங்களுக்கு வந்திருக்கு, சொல்ல வாய் வரலை, யாரோ ஆபீஸ்காரர்னு சொல்றேள்னு நினைச்சேன். நான் போய்க் காட்டினா டாக்டர் கண்டுபிடிச்சுடுவா. ஆபீஸுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். உங்களை எங்கேயாவது கொண்டுபோய் அடைச்சுடுவா. அதுக்குத்தான் மாட்டேன்னேன்.”

அவள் தொடர்ந்தாள்.

“அன்னிக்குக் கரண்டியாலே தெரிஞ்சுதான் தொட்டேன். அந்த வியாதின்னா மரத்துப்போகும், சுட்டா தெரியாதும்பா. நீங்க துள்ளினதும் பாதி உசிரு வந்துது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் அப்படித்தான் நினைச்சு பயந்துண்டிருந்தேளா?”

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. அவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். நான், “ஆமா, நானும் பயந்துதான் போனேன்” என்றேன்.

அவள் தலைப்பிலிருந்து கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். “தனியா எத்தனை நாள் பயந்துண்டிருந்தேளோ” என்றாள். கிதிர்பூர்ப் பாலம் தாண்டி வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நான் படாத பயத்துக்கு எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்று நாள் இருவரும் மருந்து பூசிக்கொண்டோம். முதுகில் எட்டாத இடத்தில் ஒருவருக்கு ஒருவர் பூசினோம். முற்றத்தில் அண்டாவை ஏற்றி, வீட்டிலிருந்த துணி அத்தனையும் கொதிக்க வைத்தோம். பாய்களை எரித்தோம். அண்டா கொதிப்பதைப் பார்த்துவிட்டு பௌதி படியில் இறங்கி வந்தாள். வந்த இடத்தில்தான் தெரிந்தது, மாடிப் பெண்ணுக்கும் விரலிடுக்கில் வந்திருக்கிறது என்று. இவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கு வராமல் எப்படி இருக்கும்?

நான் அறைக்குள் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பேச்சுக் கேட்டது. என் மனைவி பௌதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரயிலில் மூன்று நாள் கூட்டத்தோடு கூட்டமாக வந்தேன், அங்கே யாரிடமிருந்தோ தொற்றிக்கொண்டது, என்னால் உங்கள் குழந்தைக்கு வந்துவிட்டது என்றாள். பௌதி முதலில் சரேலென்று இரண்டு வார்த்தை பேசினாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, ஜுரம் என்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டாள். ஜுரம் என்று சொன்னவன் நான். என் மனைவி அதையும் மறுக்கவில்லை.

பௌதி போன பிறகு முற்றத்துக்குப் போனேன். அவள் கொதித்த துணியைக் கோலால் எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“உன்கிட்டே ஒண்ணு சொல்லணும்” என்றேன். “நான் பயப்படலை. சிரங்குன்னு எனக்கு முதல்லேர்ந்தே தெரியும். மெஸ்ஸிலே வந்துது.”

துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

“எத்தனை நாள் மெஸ்ஸிலே இருந்தேள்?”

“மூணு மாசத்துக்கு மேலே.”

“சாப்பாடு நன்னா இருந்துதா?”

அவள் அந்தத் துணியையும் பிழிந்தாள். அப்புறம் கேட்டாள்: “அப்போ, பெரிய வியாதின்னு சொன்னது?”

“நீ டாக்டர்கிட்டே வரணுமேன்னுதான்...”

அவள் துணியை அண்டாவிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த கோபம் அந்த முகத்தில் இல்லை. “அந்தக் குழந்தை தினம் வந்து கதவைத் தட்டித்து. அழுதுது. நான் திறக்கலை. உள்ளே உக்காந்துண்டு காதைப் பொத்திண்டேன்” என்றாள். கடிதங்களைப் பற்றிக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் மாற்றிச் சொன்ன கேள்வியைப் பற்றியும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிற்பாடும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். தாதா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சிரங்கு என்னிடமிருந்து வந்தது, ரயிலிலிருந்து இல்லை, ஜுரம் என்று பொய் சொன்னது நான், என் மனைவி சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது என்று சொன்னேன். கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நினைத்தேன். “அதைக் கீழே போய்ப் பௌதியிடம் உங்கள் மனைவி முன்னால் சொல்லுங்கள், மொஷாய். என்னிடம் சொல்லி என்ன ஆகும்?” என்றார். பௌதி முற்றத்துக் குழாயடியில் இருந்தாள். என் மனைவியும் இருந்தாள். இருவர் முன்னாலும் மறுபடி ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பௌதி என் மனைவியின் கையிலிருந்து குடத்தை வாங்கித் தானே தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு என் மனைவி டாக்டரிடம் போக வேண்டிய சமயங்களில் பௌதியோடு போனாள். இரண்டு மூன்று தடவை நானும் வருகிறேன் என்றேன். “எதுக்கு? நானே பேசிப்பேன்” என்பாள், சாதாரணமாக. அவள் ஆறு வருஷத்தில் மாடிப் படியிலும் குழாயடியிலும் ஒரு பாஷையையே கற்றுக்கொண்டிருக்கிறாள். அதே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது. நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவள் பேசிக் கேட்கவே இல்லை.

சிரங்கு இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் ஆறிவிட்டது. குழந்தைக்கும் ஆறிவிட்டது. ஆனால் அவள் கீழே வரவில்லை. பௌதி கூட்டிக்கொண்டு வந்தாலும் நாலாவது படியில் நின்றுகொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி என் மனைவியைப் பார்ப்பாள். என் மனைவி கீழே தரையில் உட்கார்ந்து, வா என்று அவசரப்படுத்தாமல், வங்காளியில் ஏதாவது பேசிக்கொண்டே கறிகாய் நறுக்குவாள். ஒருநாள் ஆபீஸிலிருந்து வரும்போது, குழந்தை மூன்றாவது படிக்கு இறங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் மறுபடி மேலே ஏறிவிட்டாள். நான் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கால் கழுவக்கூட நிற்காமல், அவர்கள் கண்ணில் படாத உள்ளறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.